நெதர்லாந்து பசுமையா, நம் வாய்ப்பாடு பசுமையா?

கேள்வி (ஒரு வாசகர், 2024 ஜூன் 2)

"நெதர்லாந்து தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் பண மதிப்பில் உலகின் இரண்டாவது பெரிய வேளாண் ஏற்றுமதி நாடு. கொஞ்சம் நிலம், கொள்ளை விளைச்சல், கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி. இதைவிடப் பசுமையான விவசாயம் எங்கே இருக்கிறது? மறுப்பவர்கள் புள்ளிவிவரத்தோடு வரவும்."

ஜூன் 2, இரவு

புள்ளிவிவரம்தான் என் பிழைப்பு. ஐந்து வருடமாக நாடுவாரி வேளாண் அட்டவணைகளைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்த இழைக்குள் நுழைகிறேன்.

விளைச்சலை நிலத்தால் வகுத்தால் நெதர்லாந்து ஜெயிக்கும். ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் மாலை போட்டுக்கொள்ளும். உரத்தால் வகுத்தால் உரமே வாங்க முடியாத நாடு முதலில் வரும். எதால் வகுக்கிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. இதற்காகத்தான் நிலம், ஆள், உரம், இயந்திரம், கால்நடை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதனால் வகுக்கிறார்கள். பெயர், மொத்தக் காரணி உற்பத்தித்திறன். மூட்டை அதே அளவில் இருக்க விளைச்சல் மட்டும் கூடினால், அந்த மிச்சத்தைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று வைத்துக்கொள்வார்கள். 1957-ல் பொருளியலாளர் ராபர்ட் சோலோ இந்த மிச்சத்தைப் பிரபலமாக்கினார். அதற்கு முந்தைய ஆண்டே ஆப்ரமோவிட்ஸ் இதை நம் அறியாமையின் அளவு என்று சொல்லிவிட்டார். நான் ஆப்ரமோவிட்ஸ் கட்சி.

பசுமை என்ற அடைமொழி வருவது அடுத்த படியில். நெல்லோடு மீத்தேனும் வருகிறது, பாலோடு சாணமும் நைட்ரேட்டும் வருகின்றன. இந்த வேண்டாத சரக்கையும் கணக்கில் ஏற்றினால் அது பசுமை உற்பத்தித்திறன்.

ஜூன் 3

நெதர்லாந்துக்கே வருகிறேன். 2019 மே 29 அன்று அந்த நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், நைட்ரஜன் உமிழ்வுக்கு அனுமதி கொடுத்துவந்த அரசுத் திட்டத்தையே செல்லாது என்று சொல்லிவிட்டது. பின்னால் குறையும் என்று நம்பி இன்றைக்கே அனுமதி தருவது சட்டப்படி நிற்காது என்பதுதான் சாரம். பண்ணைகள் மட்டுமல்ல, சாலை, வீடு கட்டுமானமும் முடங்கின. அக்டோபர் 1 அன்று விவசாயிகள் டிராக்டர்களோடு ஹேக் நகருக்குள் இறங்கினார்கள்.

அந்தச் சிறிய நாட்டில் பன்றி மட்டும் ஒரு கோடிக்கு மேல். கோழி பத்துக் கோடி அளவில். தின்னும் சோயா பெரும்பாலும் கடல் தாண்டி வருகிறது, சாணம் மட்டும் அங்கேயே தங்குகிறது. சோயா விளைந்த பிரேசில் நிலம் நெதர்லாந்தின் 'நிலம்' என்ற பத்தியில் வராது. கொஞ்ச நிலத்தில் கொள்ளை விளைச்சல் என்பதில் ஒரு பங்கு, நிலம் வேறொருவர் கணக்கில் இருப்பது.

தக்காளிக் கூடாரத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். அதைத் திட்டவில்லை.

ஜூன் 5

'உற்பத்தித்திறன் கணக்கில் எல்லைக்கோடு, எல்லைக்கோடு என்கிறார்களே, என்ன எழவு அது?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டீக்கடை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு தெருவில் நாலு டீக்கடை. ஒவ்வொன்றும் நூறு டீக்கு எவ்வளவு பால், எவ்வளவு கேஸ் செலவழிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாலும் கேஸும் மிகக் குறைவாகச் செலவழிக்கும் கடைகளைக் கோடு போட்டு இணைத்தால் அதுதான் எல்லை. மற்ற கடைகள் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது அவற்றின் திறன் குறைவு. அடுத்த வருடம் ஒரு கடை புது அடுப்பு வாங்கிக் கோட்டையே நகர்த்தினால் அது தொழில்நுட்ப முன்னேற்றம். மற்ற கடைகள் கோட்டை நெருங்கினால் அது எட்டிப்பிடித்தல். கோடு போடுகிறவர் டீயைக் குடித்துப் பார்ப்பதில்லை.

1957-ல் ஃபாரல் இந்த முறையை வைத்தபோது எடுத்துக்கொண்ட உதாரணமே விவசாயம்தான், அமெரிக்காவின் 48 மாநிலங்கள். நகர்தலையும் எட்டிப்பிடித்தலையும் பிரிக்கும் குறியீட்டுக்கு மால்ம்குவிஸ்ட் பெயர். அந்த ஸ்வீடன்காரர் 1953-ல் எழுதியது நுகர்வோரைப் பற்றி. உற்பத்தி பக்கம் திருப்பியவர்கள் 1982-ல் கேவ்ஸ், கிறிஸ்டென்சன், டீவர்ட். 1994-ல் ஃபாரே, கிராஸ்கோப் குழு அதை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. அதற்குப் பிறகு இந்தத் துறையில் கட்டுரைகள் ஈசல் மாதிரி.

ஜூன் 9

என் அசிங்கம் ஒன்று.

முதல் முறை இந்தக் கணக்கை ஓட்டியபோது ஒரு குட்டி நாடு வருடா வருடம் எல்லைக்கோட்டில் நின்றது. உலகத்துக்கே வழிகாட்டி. இரண்டு நாள் அந்த நாட்டைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன், என்ன ரகம், என்ன கொள்கை என்று. மூன்றாம் நாள்தான் கோப்பைத் திறந்து பார்த்தேன். அவர்கள் உரப் புள்ளிவிவரமே கொடுக்கவில்லை, கட்டம் காலி. என் நிரல் காலியை 0 என்று படித்திருக்கிறது. உரமே இல்லாமல் விளைவித்தால் எல்லைக்கோட்டில் நிற்காமல் எங்கே நிற்பார்கள்?

சராசரி எடுக்கும் கணக்கில் இப்படி ஒரு பிழை கரைந்துபோகும். எல்லைக்கோட்டுக் கணக்கில் ஒரே ஒரு பொய் எண் போதும், மீதி எல்லா நாடுகளும் அதை வைத்தே அளக்கப்படும். காலியாக விட்ட கட்டம் 0 ஆகும். இதை எழுதித் திரையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஜூன் 12

நேற்று நியூசிலாந்து அரசு, பண்ணைகளைக் கார்பன் சந்தைத் திட்டத்துக்குள் கொண்டுவரப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. அந்த நாட்டின் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறக்குறைய பாதி விவசாயத்திலிருந்து வருகிறது.

ஆனாலும் எனக்குப் பிடித்த உதாரணம் அவர்கள்தான். 1984-ல் விவசாய மானியங்களை ஒரே வீச்சில் வெட்டினார்கள். 1982-ல் அங்கே 7 கோடி ஆடுகள், செம்மறி. இன்றைக்கு இரண்டரைக் கோடி அளவில். ஆடு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும் ஆட்டுக்கறி அந்த அளவுக்கு விழவே இல்லை. ஈற்றுக்குப் பிழைக்கும் குட்டிகள் கூடின, குட்டியின் கறி எடை கூடியது. குறைந்த ஆடு, குறைந்த மீத்தேன், கறி மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பசுமை முன்னேற்றத்துக்குப் பாடப்புத்தக உதாரணம்.

இன்று ஜூன் 12. மேட்டூர் திறக்கும் தேதி, அணையில் தண்ணீர் இல்லை, திறக்கவில்லை. மன்னார்குடி பக்கம் சித்தப்பா போர்வெல்லை நம்பிக் குறுவை போடுகிறார்.

ஜூன் 14

முந்தைய குறிப்பைப் பாதிதான் நம்புங்கள். ஆடு போன இடத்தில் பால்மாடு வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் பால்மாடுகள் இரட்டிப்பு. மேய்ச்சல் நிலத்துக்கு நைட்ரஜன் உரம் பல மடங்கு ஏறியது, ஆற்றில் நைட்ரேட் ஏறியது. 2021-லிருந்து மேய்ச்சல் நிலத்தில் வருடத்துக்கு ஹெக்டேருக்கு 190 கிலோவுக்கு மேல் ரசாயன நைட்ரஜன் போடக்கூடாது என்று சட்டம் போட வேண்டிவந்தது. ஆட்டை மட்டும் படம் பிடித்தால் பசுமை, மாட்டையும் சேர்த்தால் சந்தேகம்.

ஒரு நாடு முழுவதற்கும் ஒரே எண் போடுவதில் எனக்குப் பிடிக்காதது இதுதான். ஆடும் மாடும் அதற்குள் கரைந்துவிடும்.

ஜூன் 20

இந்த இழையில் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான், இரண்டு வாரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

பசுமைக் கணக்கில் விளைச்சல் ஓரளவு அளக்கப்பட்டது. உரம், ஆள், நிலம் ஓரளவு எண்ணப்பட்டவை. மாசு? நாடு முழுவதற்கும் அதை யாரும் அளக்கவில்லை. எந்த நாட்டிலும் ஒவ்வொரு வயலிலும் மூடிவைத்த பெட்டியோடு ஒருவர் வருடம் முழுக்க உட்கார்ந்து மீத்தேன் பிடிக்கவில்லை. நாடுவாரி அட்டவணையில் 'உமிழ்வு' என்ற பத்தி, வேறொரு பத்தியை ஒரு மாறிலியால் பெருக்கி வந்தது. ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. கொடுத்த மாறிலிகள்.

நைட்ரஜன் உரம் எத்தனை டன்னோ அதில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்று வைத்துக்கொள். பெருக்கு. எத்தனை செம்மறி? வளர்ந்த நாடு என்றால் தலைக்கு வருடம் 8 கிலோ மீத்தேன், வளரும் நாடு என்றால் 5. பெருக்கு. பால்மாடு மேற்கு ஐரோப்பாவில் 117 கிலோ, இந்தியத் துணைக்கண்டத்தில் 58. பெருக்கு.

அப்புறம் என்ன ஆகிறது? உரம் ஒரு முறை இடுபொருளாக மூட்டைக்குள் போகிறது. அதே உரம் 1 சதவீதம் என்ற வேடம் போட்டுக்கொண்டு மாசாக மறுபடி வருகிறது. ஒரே ஆள் இரண்டு வரிசையிலும் நின்று ரேஷன் வாங்குவது மாதிரி. ஒரு நாட்டில் 'பசுமைத் தொழில்நுட்ப முன்னேற்றம்' 2 சதவீதம் என்று வந்தால், அதில் எவ்வளவு வயலில் நடந்தது, எவ்வளவு நம் வாய்ப்பாட்டில் நடந்தது என்று பிரிக்க வழியே இல்லை.

நியூசிலாந்து ஆட்டை இப்போது திரும்பிப் பாருங்கள். தலைக்கு 8 கிலோ என்று நிறுத்திவிட்டால், ஆடு கொழுத்துக் கூடுதலாகப் புல் தின்றாலும் வாயு கூடாது. முன்னேற்றம் முழுவதும் சுத்தமாகத் தெரியும். அந்த நாடு தன் சொந்தக் கணக்கில் தீவனத்தை வைத்து நுணுக்கமாகப் போடுகிறது என்பது உண்மை. ஆனால் எல்லா நாடுகளையும் ஒரே மேஜையில் வைக்க, எளிய மாறிலியைத்தான் எடுக்கிறோம். நானும் அதைத்தான் எடுத்தேன்.

ஜூன் 20, இன்னும் கொஞ்சம்

நெல். ஐ.பி.சி.சி. 2019-ல் திருத்திய வழிகாட்டியில், தண்ணீர் எப்போதும் நிற்கிற, எரு போடாத வயலுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு மீத்தேன்: தெற்காசியாவில் 0.85 கிலோ, தென்கிழக்காசியாவில் 1.22, கிழக்காசியாவில் 1.32. வயலில் 90 நாள் என்றால் மன்னார்குடி 76.5 கிலோ, மேகாங் டெல்டா 109.8 கிலோ. ஒரே மாதிரிச் சேறு, ஒரே மாதிரிப் பயிர், ஆனால் வியட்நாம் விவசாயி கணக்கில் 33 கிலோ பின்தங்கிவிட்டார். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் வயலில் எடுத்த அளவீடுகள் உண்டு, காற்றில் எழுதியதல்ல. ஆனால் ஒரு பிராந்தியத்தின் சராசரி ஒரு நாட்டின் 'திறமை'யாக மாறிவிடுவதுதான் கோளாறு.

ஜூன் 21

இன்னொரு கூத்து. மீத்தேனின் சூடேற்றும் வலுவைக் கார்பன் டை ஆக்சைடு கணக்குக்கு மாற்றும் எண் 1995-ல் 21, 2007-ல் 25, 2013-ல் 28. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒருவர் ஒரு வருடம் வரை 25-ஆல் பெருக்கிய கோப்பையும் இன்னொருவர் அதற்குப் பிறகு 28-ஆல் பெருக்கிய கோப்பையும் ஒட்டிவிட்டார்கள். உலகத்தின் எல்லா நெல் நாடுகளும் ஒரு புத்தாண்டு காலையில் 12 சதவீதம் கூடுதல் அழுக்காக விழித்தன. அதற்கு ஒரு விளக்கப் பத்தியும் எழுதியிருந்தார்கள், 'ஆசியாவில் பசுமைத் தொழில்நுட்பப் பின்னடைவு' என்று. நல்ல வேளை, அச்சுக்குப் போகவில்லை.

ஜூன் 22

பின்னடைவு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் குறியீடுகள் வறட்சி வருடத்தில் 'தொழில்நுட்பம் பின்னோக்கிச் சென்றது' என்று காட்டும். என்ன, எல்லோருக்கும் ஒரே வருடத்தில் நாற்று நடுவது மறந்துபோய்விட்டதா? மழை இடுபொருள் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் தொழில்நுட்பத்தின் தலையில்.

இதையே திருப்பிப் போட்டு ஒரு நல்ல வேலை செய்தார்கள். ஓர்டிஸ்-போபேயா குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வு: மனிதரால் வந்த பருவநிலை மாற்றம் இல்லாதிருந்தால் 1961-லிருந்து உலக வேளாண் உற்பத்தித்திறன் எவ்வளவு ஏறியிருக்கும் என்று பார்த்தார்கள். இழப்பு சுமார் 21 சதவீதம். வெயிலை உள்ளே கொண்டுவந்ததும் அறியாமையில் ஒரு துண்டுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

ஜூன் 25

நேற்று ராத்திரி டென்மார்க்கில் ஒப்பந்தம். அரசு, விவசாயிகள் சங்கம், சுற்றுச்சூழல் அமைப்பு எல்லாம் கூடி, 2030-லிருந்து கால்நடை உமிழ்வுக்கு வரி. டன்னுக்கு 300 குரோனர், 60 சதவீதக் கழிவு போக 120. 2035-ல் 750, கழிவு போக 300.

நியூசிலாந்து விட்டுவிட்ட இரண்டே வாரத்தில் இவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

என் கவலை வேறு. மாட்டுக்குப் பின்னால் மீட்டர் கட்டப் போவதில்லை, மாறிலிதான் வரி போடப்போகிறது. இதுவரை மாறிலி தப்பாக இருந்தால் என் மாதிரி ஆளின் அட்டவணை தப்பாகும். இனி விவசாயியின் பணம். ஒருவேளை அதுவே நல்லதோ என்னவோ. பணம் போகிறது என்றால் மாறிலியோடு சண்டை போட ஆள் வருவான். தீவனத்தை மாற்றினேன், என் மாட்டுக்கு எண்ணைக் குறை என்பான். அப்போதுதான் யாராவது உண்மையில் அளப்பார்கள்.

டென்மார்க் இதற்கு முன்பே இன்னொன்று செய்தது. 1998-லிருந்து, லாபம் உச்சமாகும் அளவுக்கு 10 சதவீதம் கீழேதான் நைட்ரஜன் போடலாம் என்று பண்ணைக்குப் பண்ணை ஒதுக்கீடு. மிஞ்சும் நைட்ரஜன் நன்றாகவே குறைந்தது. கோதுமையில் புரதம் குறைந்துபோனது என்று விவசாயிகள் புலம்பினார்கள். டன் கணக்கில் பார்த்தால் அந்தக் குறை தெரியாது, டீயைக் குடித்துப் பார்க்காத கதை. 2016-ல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள்.

ஜூன் 26

யூரியா பை 50 கிலோவிலிருந்து 45 கிலோ ஆனது 2018-ல். பையாகவே போட்டுப் பழகியவர்கள் தானாகக் குறைத்துவிடுவார்கள் என்ற யோசனை. சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். "பை சுருங்குனது தெரியும்டா. நான் மேல ஒரு படி அள்ளிப் போட்டுக்கிட்டேன்." பை எண்ணிக்கையை 50-ஆல் பெருக்குகிறவர்கள் கவனிக்கவும்.

ஜூலை 7

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: "2021-இல எங்கட நாட்டில உரத்தை நிப்பாட்டினவை. உங்கட குறியீடு அதை எப்பிடிக் காட்டும் அண்ணை?"

நேர்மையாகச் சொன்னால், பயமாக இருக்கிறது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நவம்பர் கடைசியில் விலக்கினார்கள், ஆனால் பெரும்போகம் அதற்குள் கெட்டுவிட்டது. நெல் விழுந்தது, தேயிலை விழுந்தது, அரிசி இறக்குமதி செய்ய வேண்டிவந்தது.

இப்போது ஒரு பொம்மைக் கணக்கு, எண்கள் என் கற்பனை. உரம் 100-லிருந்து 20. விளைச்சல் 100-லிருந்து 65. மாசு உரத்தின் 1 சதவீதம் என்பதால் அதுவும் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு கிலோ மாசுக்கு எவ்வளவு நெல் என்று பார்த்தால் மூன்றே கால் மடங்கு முன்னேற்றம்! நிலமும் ஆளும் அப்படியே இருப்பதால் முழுக் குறியீடு இந்த அளவுக்குக் குதிக்காது. ஆனால் மாசுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, பசி வந்த வருடம் பசுமை வருடமாகத் தெரிய வாய்ப்பு உண்டு. முதல் போகத்தில் மண்ணில் மிஞ்சியிருந்த சத்தைப் பயிர் தின்றது, அதை எந்தப் பத்தியும் பிடிக்காது.

இவருக்குப் பதில் எழுதிவிட்டு ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை. நான் வருடக்கணக்காகத் துடைத்துக் கொடுத்த அட்டவணைகளில் இப்படி எத்தனை பசி வருடம் பசுமையாக உட்கார்ந்திருக்கிறதோ.

ஜூலை 29

நேற்று மேட்டூர் திறந்துவிட்டார்கள்.

நான் ஊரில் இருக்கிறேன். சித்தப்பா குறுவையில் ஒரு குழாய் இறக்கினோம். ஓர் அடி நீள பி.வி.சி. குழாய், கீழ்ப்பாதி முழுக்கத் துளை. பாதிக்கு மேல் சேற்றில் அமுக்கி உள்ளே இருக்கும் மண்ணைக் கையால் தோண்டி எடுக்க வேண்டும். உள்ளே தெரியும் நீர்மட்டம்தான் மண்ணுக்குள் இருக்கும் நீர்மட்டம். தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கும்வரை மோட்டார் போட வேண்டாம், பூக்கும் சமயம் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை. நம்மூரில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று எப்போதும் சொல்வதுதான், குழாய் மட்டும் புதிது.

சித்தப்பா குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கரண்டு இலவசம். தண்ணியை மிச்சம் பிடிச்சு எங்கடா வைக்கிறது?"

பதில் இல்லை. தண்ணீரும் அட்டவணையில் இல்லை. 'பாசனப் பரப்பு' என்று ஒரு பத்தி உண்டு, எத்தனை மணிநேரம் மோட்டார் ஓடியது என்று பத்தி கிடையாது.

சரி, கணக்கு. பலமுறை காயவிட்டால் மாறிலி 1-லிருந்து 0.55. அதாவது 76.5 கிலோ மீத்தேன் 42 ஆகும். ஹெக்டேருக்கு 34 கிலோ மிச்சம், 28-ஆல் பெருக்கினால் சுமார் 960 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சந்தோஷமாக எழுதி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 30

அவசரப்பட்டுவிட்டேன். காய்ந்த மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு கூடும். நின்ற நீர் வயலுக்கு நைட்ரஜனில் 0.3 சதவீதம், காயவிட்ட வயலுக்கு 0.5. ஹெக்டேருக்கு 120 கிலோ நைட்ரஜன் என்றால் கூடுதல் நைட்ரஸ் ஆக்சைடு (நைட்ரஜன் எடையை வாயு எடையாக மாற்றினால்) 0.38 கிலோ. இந்த வாயுவுக்கு மாற்றும் எண் 265, அதனால் பெருக்கினால் 100 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 960-ல் 100 போனாலும் லாபம்தான். ஆனால் நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 18

சீனாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பொருளியலாளர்கள் கோயெல்லியும் ராவும் 93 நாடுகளை 1980 முதல் 2000 வரை எடுத்துப் போட்ட கணக்கில் உற்பத்தித்திறன் வளர்ச்சி வருடத்துக்கு 2.1 சதவீதம். அதில் 1.2 எல்லைக்கோடு நகர்ந்தது, 0.9 எட்டிப்பிடித்தது. சீனா முன்வரிசையில். அந்தக் காலத்துச் சீனப் புள்ளிவிவரத்தில் ஒரு குழி உண்டு. சாகுபடி நிலம் 9.5 கோடி ஹெக்டேர் என்று அதுவரை சொல்லிவந்தார்கள். முதல் வேளாண் கணக்கெடுப்பு எடுத்ததும் 13 கோடி என்று வந்தது. வரிக்குப் பயந்து கிராமங்கள் குறைத்துக் காட்டிய நிலமும் அதில் உண்டு. பழைய எண்ணால் வகுத்தவன் ஒவ்வொரு ஹெக்டேரையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்த்திப் புகழ்ந்திருப்பான்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்ததும் சீனாவில்தான். 2005 முதல் 2015 வரை சுமார் 2 கோடியே 9 லட்சம் சிறு விவசாயிகளிடம் போய், நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் எப்போது, எவ்வளவு உரம், எவ்வளவு நெருக்கம் என்று ஊருக்கு ஊர் சொல்லிக் கொடுத்தார்கள். விளைச்சல் சராசரி 11 சதவீதம் ஏற, நைட்ரஜன் பயிருக்குப் பயிர் 15 முதல் 18 சதவீதம் இறங்கியது. 2018-ல் வெளிவந்தது. புது இயந்திரம் இல்லை, புது ரகமும் முக்கியமில்லை. நாட்டின் மொத்த ரசாயன உரமும் 2015-ல் 6 கோடி டன்னைத் தொட்டுவிட்டு அப்புறம் இறங்க ஆரம்பித்தது.

இது எல்லைக்கோடு நகர்ந்ததா, எட்டிப்பிடித்ததா? நாட்டை ஒரு புள்ளியாக வைத்தால் நகர்ந்தது என்றும் தெரியலாம். உள்ளே போய்ப் பார்த்தால், பின்தங்கிய கடைக்காரனுக்குப் பக்கத்துக் கடைக்காரன் பால் அளக்கச் சொல்லிக் கொடுத்ததுதான்.

செப்டம்பர் 15

'எல்லாவற்றையும் குறை சொல்கிறீர்களே, உங்களிடம் என்ன மருந்து?' நியாயமான கேள்வி.

எனக்குப் பிடித்தது நைட்ரஜன் வரவு செலவு. உள்ளே எவ்வளவு வந்தது (உரம், தீவனம், பயறுவகை பிடித்தது), விளைபொருளில் எவ்வளவு வெளியே போனது. மிச்சம் எங்கோ போயாக வேண்டும், நீரிலோ காற்றிலோ மண்ணிலோ. மாறிலி இங்கேயும் உண்டு, நெல்லில் எவ்வளவு புரதம் என்பது மாதிரி. ஆனால் அது ஆய்வகத்தில் அளந்த மாறிலி. 2007-ல் கோயெல்லியும் பெல்ஜியக்காரர்கள் இருவரும் பன்றிப் பண்ணைகளை வைத்து இதை எல்லைக்கோட்டுக் கணக்குக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நடைமுறையில் இருந்த முறையோ ஸ்வீடன் காகித ஆலைகளை வைத்து 1997-ல் வந்தது. ஆலைக்குப் புகைபோக்கி இருக்கிறது, வடிகட்டி மாட்டலாம். வயலுக்கு எங்கே மாட்டுவது?

நெதர்லாந்தே 1998-ல் பண்ணை வாசலில் இந்த வரவு செலவை வைத்து அபராதம் போட்டுப் பார்த்தது. 2003-ல் ஐரோப்பிய நீதிமன்றம், நைட்ரேட் சட்டத்துக்கு இது போதாது என்றது. கைவிட்டார்கள். இந்த இழையில் என் முதல் எதிராளிக்கு ஒரு புள்ளி: நல்ல கணக்கை முதலில் போட்டுப் பார்த்த நாடுகளில் நெதர்லாந்தும் உண்டு.

செப்டம்பர் 17

ஆப்பிரிக்காவில் வேலை செய்த நண்பர் ஒருவர் தட்டிக் கேட்டார். வரவு செலவில் போனது வந்ததைவிடக் கூடுதல் என்றால்? அங்கே பல இடங்களில் அப்படித்தான், பயிர் எடுப்பது போடுவதைவிட அதிகம். திறன் 100 சதவீதத்துக்கு மேல், அட்டவணையில் தங்கப் பதக்கம். நிஜத்தில் மண்ணை அடகு வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆமாம், என் மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. 100-ஐத் தாண்டினால் சிவப்பு மையில் எழுது என்று விதி வைக்கலாம். அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

அக்டோபர் 6

குறுவை அறுவடை முடிந்தது. குழாய் வைத்த வயலுக்கும் வைக்காத வயலுக்கும் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான். ஆனா மோட்டார் நாள்கணக்குல ஓடலை." சம்பாவுக்கும் குழாய் இருக்கட்டும் என்று அவராகவே சொன்னார்.

அடியுரமாகக் கொழிஞ்சி மடக்கி உழப் போகிறாராம். இயற்கை விவசாய நண்பர்கள் கைதட்டுவதற்கு முன் ஒரு தகவல்: பசுந்தாள் உரம் நீர் நிற்கும் வயலில் அழுகும்போது மீத்தேன் கூடும், வாய்ப்பாட்டிலும் அதற்குத் தனி மாறிலி உண்டு. மக்கிய எருவுக்குக் குறைவு, பச்சைத் தழைக்கு அதிகம். பெயரிலேயே பசுமை இருக்கிற உரம்.

நவம்பர் 19

டென்மார்க் நாடாளுமன்றத்தின் பெரும்பான்மைக் கட்சிகள் நேற்று அந்த வரிக்கு ஒப்புக்கொண்டுவிட்டன.

நவம்பர் 27

இரண்டு நாளாக டெல்டாவில் அடைமழை. காலையில் சித்தப்பா போன்: "குழாய் எங்க இருக்குன்னே தெரியலைடா. வரப்பே தெரியலை." பின்னால் தவளைச் சத்தம்.

இந்தப் போகத்தின் கோப்பைத் திறந்தேன். நீர்முறை என்ற பத்தியில் காயவிட்ட வயல் என்று 0.55 போட்டு வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு 1 என்று போட்டேன். வெள்ளம் காய்ச்சலா பாய்ச்சலா என்று வழிகாட்டியில் கிடையாது. காலியாக விடத்தான் தோன்றியது. காலிக் கட்டம் என்ன ஆகும் என்று ஜூன் 9 குறிப்பில் இருக்கிறது.